மும்பைக்குள் இருப்பது நிஜமான காடுதானா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக அந்தேரிக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தனியாக போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். வாசலில் கூட்டம், படகுச் சவாரிக்கு வரிசை, சஃபாரி வண்டியிலிருந்து பார்த்த தூங்குமூஞ்சிச் சிங்கம், கைப்பையைப் பறிக்க வந்த குரங்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அடுக்குமாடிகள். மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். "ஐம்பது சிறுத்தை இருக்கிறது என்கிறார்களே, கதையா? இது காடா, பெரிய பார்க்கா? தனியாக மறுபடி போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதில் உண்மையில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் போனது காடு என்றால் அது ஏன் என் கண்ணில் படவில்லை என்பதுதான் அது. நியாயமான கேள்வி. அந்த வாசல் வழியாக உள்ளே போகும் பெரும்பாலானவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

நான் முலுண்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தக் காட்டின் கிழக்குச் சரிவு தெரியும். பதினெட்டு வருடமாக விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளையும் புதிதாக வருபவர்களையும் அங்கே நடக்கக் கூட்டிப்போகிறேன். படித்தது கணக்கியல்; விலங்கியல் ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை. ஆகவே மரம், பறவை, பாதை, தண்ணீர் பற்றிச் சொல்வதெல்லாம் நான் நடந்து தெரிந்துகொண்டது. சிறுத்தைக் கணக்கு பற்றிச் சொல்வது ஆய்வாளர்களும் வனத்துறையும் சொன்னதை வைத்துச் சொல்வது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அளவு. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். உங்களுக்குப் பழக்கமான கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதாவது முப்பத்தெட்டு கிண்டிகளை இதற்குள் வைக்கலாம். மேற்கே போரிவலி, காந்திவலி, மலாட், கோரேகாவ். கிழக்கே பாண்டுப், முலுண்ட், தானே. தெற்கே ஆரே காலனி. நீங்கள் பார்த்த படகுத்துறை, காந்தி டேக்டி என்ற சிறு குன்று, சஃபாரி எல்லாம் போரிவலி வாசலை ஒட்டிய ஒரு துண்டு. கிருஷ்ணகிரி உபவனம் என்று அதற்குப் பெயர். மக்கள் வந்து பொழுதுபோக்குவதற்கென்றே ஒதுக்கிய இடம் அது. அங்கே கூட்டமும் கடையும் இருப்பதில் தவறில்லை. ஒரு வீட்டின் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த சிங்கமும், பார்த்திருந்தால் புலியும், வேலிக்குள் வளர்க்கப்படுபவை. இந்தக் காட்டுக்கும் காட்டுச் சிங்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கோடி பேர் நெருக்கியடித்து வாழும் ஊரின் நடுவில் இந்தக் காடு எப்படித் தப்பித்தது? யாரோ பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார்கள் என்று நினைத்தால் அது உண்மையில்லை. தண்ணீர்தான் காப்பாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் குடிதண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியது. கிணறுகளும் குளங்களும் போதவில்லை. மித்தி ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டி விஹார் ஏரியை உருவாக்கி, 1860இல் குழாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அது போதாமல் 1879இல் துளசி ஏரி. ஏரி சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் வரும் மலைச்சரிவில் ஊரோ உழவோ இருக்கக் கூடாது. அதனால் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். அங்கிருந்த சில கிராமங்களும் காலி செய்யப்பட்டன. அப்படி ஊர் குடிப்பதற்காக வளைத்த நிலம்தான் நூறு வருடத்துக்குப் பிறகு தேசியப் பூங்காவின் நடுப்பகுதியாக நிற்கிறது. இன்றைக்கு மும்பையின் குடிநீரில் இந்த இரண்டு ஏரியின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட வராது. மீதியெல்லாம் தூரத்து வைதரணா, பாட்சா, தான்சா அணைகளிலிருந்து வருகிறது. ஆனால் அந்த மூன்று பங்குக்காக வளைத்த வேலி இல்லாவிட்டால், போரிவலியிலிருந்து தானே வரை ஒரே கட்டடமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் நடந்த தார்ச்சாலையின் ஓரத்தில் ஒரு ஓடை கூடவே வந்திருக்கும், கவனித்தீர்களா? அதுதான் தஹிசர் ஆறு. துளசி ஏரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, காட்டை விட்டு வெளியே போனதும் சாக்கடையாகி, கடைசியில் மனோரி கழியில் போய்ச் சேர்கிறது. ஒரே ஆற்றை இரண்டு இடத்தில் பார்க்க ஆசைப்பட்டால், காலையில் பூங்காவுக்குள் கல்லுக்குக் கல் தாவும் அந்தத் தெளிந்த நீரைப் பாருங்கள், பிறகு இரண்டு கிலோமீட்டர் வெளியே வந்து நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இதைத் தவறாமல் செய்வேன். அதற்குப் பிறகு காடு எதற்கு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு ஊருக்குள் புகுந்ததே, அந்த மித்தியும் இந்த மலையடியில், விஹார், பவாய் ஏரிகள் வழிந்து வரும் நீரில்தான் தொடங்குகிறது.

தண்ணீரின் கதை பிரிட்டிஷ்காரர்களோடு தொடங்கியதும் அல்ல. வாசலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கான்ஹேரி குகைகள் இருக்கின்றன. நீங்கள் அங்கே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அங்கேதான் முதலில் போக வேண்டும். கரிய மலை என்ற பொருளில் வந்த கிருஷ்ணகிரி என்ற பழைய பெயர்தான் தேய்ந்து கான்ஹேரி ஆனது. நம் ஊர்க் கிருஷ்ணகிரியும் அதே பெயர்தான். ஒரே எரிமலைப் பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருடம் பௌத்தத் துறவிகள் தங்கியிருந்த இடம். மூன்றாம் எண் குகையின் இரு பக்கமும் நிற்கும் பெரிய புத்தர்களைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு சின்னக் குகைக்கும் போய் வாசலோரம் குனிந்து பாருங்கள். தரையில் சதுரமாக ஒரு வாய், உள்ளே இருட்டு, ஒரு சிறு கல்லைப் போட்டால் 'ப்ளக்' என்று தண்ணீர்ச் சத்தம். அதற்குப் பெயர் போடி. குகை ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு தொட்டி குடைந்திருக்கிறார்கள். மேலே பாறையில் விரல் ஆழத்துக்கு வாய்க்கால் கீறி, மழைநீர் சிந்தாமல் அதில் போய் விழும்படி செய்திருக்கிறார்கள். நான்கு மாதம் கொட்டும் மழையைப் பிடித்து வைத்து மீதி எட்டு மாதம் குடித்தார்கள். மார்ச் மாதத்தில் போனாலும் சில தொட்டிகளில் நீர் கிடக்கும். கல்யாண், சோப்பாரா போன்ற ஊர்களின் வணிகர்கள் குகையையும் தொட்டியையும் தானமாக வெட்டிக்கொடுத்ததை அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நம் ஊரில் குளம் வெட்டியவர்களின் பெயரைக் கல்லில் பொறிப்பது போலத்தான்.

அங்கே இன்னொன்று பாருங்கள். தொண்ணூறாம் எண் குகையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் சில வரிகள் இருக்கின்றன. 1009இலும் 1021இலும் வந்த பார்சிகள் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போனது. துறவிகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், சும்மா பார்க்க வந்தவர்கள். உங்களை மாதிரி, என்னை மாதிரி. (இதைப் படித்துவிட்டுச் சாவியை எடுத்துப் பெயர் கீறிவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.)

சரி, சிறுத்தை. இருக்கிறதா என்றால் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. சிறுத்தையின் உடம்பில் உள்ள புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. தானியங்கிக் கேமராக்களைப் பாதையோரம் கட்டிவைத்து, விழுந்த படங்களில் புள்ளிகளை ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். 2015 கணக்கெடுப்பில் 35 என்றும் 2018இல் 47 என்றும் வந்தது. இந்த எண்கள் பூங்காவுக்கு மட்டும் உரியவை அல்ல, ஆரே போன்ற அக்கம்பக்கத்தையும் சேர்த்தவை. ஐம்பது என்று ஊர் பேசுவது இதை வைத்துத்தான், பெரிதாகத் தவறில்லை. 'உலகத்திலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடம்' என்று செய்தித்தாளில் போடுவதை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதை மாற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும். நெருக்கம் மிக அதிகம் என்பது வரைக்கும் நம்பலாம்.

அவ்வளவு இருந்தும் நீங்கள் ஏன் பார்க்கவில்லை? பதினெட்டு வருடத்தில் நானே பகல் வெளிச்சத்தில் பார்த்தது இரண்டு முறை. அதிலும் ஒன்று, புதருக்குள் போன வாலின் நுனி. மனிதனின் நேரத்தை அது மனிதனைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. நாம் வீட்டுக்குப் போனதும் அதற்குப் பொழுது விடிகிறது. ஆனால் அது இருப்பதற்கான அடையாளத்தைப் பார்க்க முடியும். ஒரு ஆகஸ்ட் காலையில், ஷிலோண்டா பாதையில், வனத்துறை வழிகாட்டி ஒருவர் சட்டென்று கையை நீட்டி எங்களை நிறுத்தினார். செம்மண் சேற்றில் ஒரு காலடி. என் உள்ளங்கையைவிடச் சிறியது, நான்கு விரல், பின்னால் ஒரு மெத்தை, நகத்தின் தடம் இல்லை. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்குழி நிறைந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுதும் நிறைந்து, தடம் ஒரு குட்டிக் குளமானது. அதாவது அது கடந்துபோய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் பேசவில்லை. எங்கள் ஒன்பது பேரையும் அது எங்கிருந்தோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். வழிகாட்டி, 'பிப்டியா' என்று மட்டும் சொன்னார். மராத்தியில் சிறுத்தைக்கு அதுதான் பேச்சு வழக்கு.

கண்ணைவிடக் காது உதவும். புள்ளிமான் கூவுவதையும், லங்கூர் என்ற கருமுகக் குரங்கு இருமுவது போல அடித்தொண்டையில் கத்துவதையும் கேட்டால் நின்றுவிடுங்கள். ஒன்று மட்டும் கத்தினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மானும் குரங்கும் சேர்ந்து, ஒரே திசையைப் பார்த்து, விடாமல் கத்தினால் அந்தப் பக்கம் சிறுத்தை நகர்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், நாயைப் பார்த்தும் இப்படிக் கத்தி நான் கேட்டிருக்கிறேன்.

நாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காட்டு ஓரத்துத் தெருநாய்கள் இந்தச் சிறுத்தைகளுக்கு முக்கியமான இரை. அதன் எச்சத்தில் நாய்முடி இருப்பதிலிருந்து இது உறுதியாகத் தெரிகிறது. சிறுத்தைகள் இப்படி நாய்களைக் குறைப்பதால் சுற்றுவட்டாரத்தில் நாய்க்கடியும் வெறிநாய்க்கடி ஆபத்தும் குறைகிறது என்று 2018இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. சுவையான வாதம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மதிப்பீடு. யாரும் ஒவ்வொரு கடியையும் எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2002 முதல் 2004 வரை இங்கே சிறுத்தை தாக்கிப் பலர் இறந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் அம்மா இருட்டிய பிறகு குப்பை கொட்டக்கூடக் கீழே இறங்க விடமாட்டார். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம், வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இந்தக் காட்டில் கொண்டுவந்து விட்டது. புது இடத்தில் விடப்பட்ட சிறுத்தை வழி தெரியாமல், எல்லை தெரியாமல், மனிதர்கள் பக்கம் தடுமாறும். புனே பக்கத்து ஜுன்னர் பகுதியில் வித்யா ஆத்ரேயா என்ற காட்டுயிர் ஆய்வாளர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒவ்வொரு சாவுக்கும் அதுவே காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பிடித்து விடுவதைக் குறைத்து, 2011இலிருந்து மக்களோடு சேர்ந்து விழிப்புணர்வு வேலை தொடங்கிய பிறகு தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. குறைந்தன என்றால் நின்றுவிட்டன என்று பொருளில்லை. 2021இல் ஆரேயில் அடுத்தடுத்துச் சிலர் தாக்கப்பட்டார்கள். 2022 தீபாவளி சமயத்தில் அங்கே ஒரு சின்னக் குழந்தை இறந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காட்டை நேசிக்கிறேன் என்பதற்காக அந்தத் தாயிடம் போய் புள்ளிவிவரம் பேச என்னால் முடியாது.

இந்தக் காட்டுக்குள்ளேயே பாடா என்ற சிற்றூர்களில் வார்லி, மகாதேவ் கோலி, கோக்ணா பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தேசியப் பூங்கா என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள். 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு ஆக்கிரமிப்புக் குடிசைகள் பல்லாயிரம் அகற்றப்பட்டன. அதில் யார் ஆக்கிரமித்தவர், யார் மண்ணின் மைந்தர் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சிறுத்தையோடு வாழ்வது எப்படி என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். இருட்டியதும் தனியாக வெளியே போவதில்லை. போனால் கையில் விளக்கு, செல்பேசியில் சத்தமாகப் பாட்டு. குழந்தைகள் பெரியவர்களுக்கு நடுவில். வீட்டைச் சுற்றிக் குப்பை சேர விடுவதில்லை, குப்பை இருந்தால் நாய் வரும், நாயைத் தேடி அது வரும். வாகோபா என்ற தெய்வத்தை மரப்பலகையிலோ கல்லிலோ புலி உருவமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் அதற்குப் பூசை. புலிக்கும் சிறுத்தைக்கும் சேர்த்து அதே பெயர்தான். அதை அடித்து விரட்ட வேண்டும் என்ற பேச்சை அந்த வீடுகளில் நான் கேட்டதில்லை. ஒரு பாட்டியிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். "அதற்கும் வயிறு இருக்கிறது, எங்களுக்கும் வயிறு இருக்கிறது" என்றார்.

அப்புறம், தனியாகப் போகலாமா என்ற கேள்வி. போகலாம். எங்கே, எப்போது என்பதுதான் முக்கியம். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறைத் தவிருங்கள். வேலை நாளில் ஒரு லீவு போட்டுவிட்டு, பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் ஏழரை மணி வாக்கில் வாசலில் இருங்கள். போரிவலி ஸ்டேஷனிலிருந்து கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தாலே பதினைந்து நிமிடம். தார்ச்சாலையிலும் கான்ஹேரியிலும் காலையில் தனியாக நடக்கும் பெண்களை நான் எப்போதும் பார்க்கிறேன். காவலர்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் பாடாவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். கான்ஹேரிக்குப் பேருந்து உண்டு, வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். ஆனால் குகைகளுக்குப் பின்னால் மேலே காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் தனியாகப் போகாதீர்கள். ஷிலோண்டா, 468 மீட்டர் உயரத்தில் பூங்காவின் உச்சியான ஜாம்பூள்மாள் போன்ற இடங்களுக்கு அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் உள்ள இயற்கைத் தகவல் மையத்தில் கேட்டால் குழு நடையில் சேர்த்துக்கொள்வார்கள். இதைச் சொல்வது சிறுத்தையை நினைத்து மட்டும் இல்லை. கால் பிசகினால் குரல் கேட்க ஆள் வேண்டும், செல்பேசி சிக்னல் பல பள்ளங்களில் கிடைக்காது. மழைக்காலத்தில் அருவியில் இறங்கவே இறங்காதீர்கள். மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது, தண்ணீர் ஒரே மூச்சில் ஏறிவிடும். என் கண் முன்னால் ஒரு செருப்பும் சாப்பாட்டுப் பையும் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆள் போகாதது அதிர்ஷ்டம். மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே தங்காதீர்கள். சாலையோரம் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், உட்கார்ந்த மனிதர் சிறுத்தைக்குச் சின்ன விலங்கு மாதிரித் தெரிவார். தப்பித்தவறி எதிரில் பார்த்துவிட்டால் ஓடாமல், நிமிர்ந்து நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். பையில் தின்பண்டம் வெளியே தெரியாமல் இருந்தால் குரங்கும் உங்களைச் சீண்டாது.

தனியாகப் போவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாலு பேரோடு போனால் நாலு பேரின் பேச்சுத்தான் காதில் விழும். ஒரு நாள் தார்ச்சாலையில் ஓடையைக் கடக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இருபது நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் நெடுஞ்சாலை இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு அது மெல்லப் பின்னால் போய்விடும், ஓடையின் சத்தம் முன்னால் வரும். குளிர்காலமாக இருந்தால் அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை ரிப்பன் மாதிரி வாலை இழுத்துக்கொண்டு தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போகும். பிப்ரவரி கடைசியில் புரசமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செம்பூவாக நிற்கும். மே மாதத்தில் கான்ஹேரிப் படிக்கட்டில் பாடாப் பெண்கள் தேக்கிலையைக் கூம்பாகச் சுருட்டிக் கர்வந்த் விற்பார்கள். வாங்கிப் பாருங்கள், நம் ஊர்க் களாப்பழம்தான். திருநெல்வேலிக்காரருக்கு அந்தப் புளிப்பு பழக்கமாகத்தான் இருக்கும். மழை தொடங்கியதும் குட்டி மீன்கொத்தி ஒன்று வரும், சிட்டுக்குருவியைவிடச் சிறியது, மஞ்சள் வயிறும் ஊதா முதுகுமாக. ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்துவிட்டு மழை முடிந்ததும் போய்விடும்.

செடிகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்க வேண்டும். சரிவு முழுக்க ஆளுயரத்துக்குப் புதர் போல வளர்ந்திருப்பது கார்வி. அதன் தண்டை அடுக்கி, மேலே சாணியும் மண்ணும் பூசித்தான் வார்லி வீடுகளின் சுவர். ஏழு வருடம் வெறும் இலைதான். எட்டாவது வருடம் மலை முழுவதும் ஒரே நேரத்தில் ஊதாவாகப் பூத்து, விதை விட்டு, அந்தத் தலைமுறைச் செடி அத்தனையும் செத்துவிடும். நம் குறிஞ்சியின் நேரடிச் சொந்தம், அதே பேரினம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம், இதற்கு எட்டு. 2008, 2016, 2024 என்று மூன்று பூப்பை நான் பார்த்துவிட்டேன். 2024இல் நான் நின்ற சரிவின் கீழே, தானேயிலிருந்து போரிவலிக்கு மலைக்கு அடியில் பத்து கிலோமீட்டருக்கு மேல் இரட்டைச் சுரங்கப்பாதை போடும் வேலைக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். கோரேகாவ் முலுண்ட் சாலைக்கு இன்னொரு ஜோடிச் சுரங்கம். மரத்தைத் தொடாமல் அடியில் போகிறோம் என்பது அவர்கள் வாதம், சாலையை மேலே போடுவதைவிட அது நல்லது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாறை இடுக்குகளில் ஊறி ஓடைக்கு வரும் தண்ணீர் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அது வெறும் கவலைதான். பொறியாளர்கள் மறுத்தால் எதிர்வாதம் செய்ய எனக்குப் படிப்பு போதாது. ஆனால் தஹிசர் ஓடையில் மார்ச் மாதத்தில் எந்தக் கல் வரைக்கும் தண்ணீர் நிற்கிறது என்று பத்து வருடமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், இனியும் குறிப்பேன்.

கார்வி அடுத்துப் பூப்பது 2032இல், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அப்போதும் நீங்கள் மும்பையில் இருந்தால் ஒரு வேலை நாளில் கான்ஹேரிக்கு வாருங்கள். தேனீக்களின் இரைச்சல் படிக்கட்டிலேயே கேட்கும்.